விசிட்டிங் கார்டில் சிங்கம் போடலாமா?

என் பெரியப்பா புதுச்சேரியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். ஓய்வு பெற்ற அடுத்த மாதம் புது விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போனார். அசோகச் சிங்கம் அச்சிட்ட பழைய கார்டை நீட்டி, "இதே மாதிரி அடிச்சுடுங்க. பதவிக்குப் பக்கத்துல 'ஓய்வு'ன்னு மட்டும் சேர்த்துக்குங்க" என்றார்.

அச்சகக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டுடலாம். இந்தச் சிங்கம் மட்டும் வேண்டாம் சார். ரிட்டயர் ஆனவங்க போடக் கூடாது."

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சிங்கத்துக்குக் கீழதானே கையெழுத்துப் போட்டேன்? ஒரே நாள்ல அது எனக்கு இல்லாமப் போயிடுமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். அது பழைய காசுகள், செப்பேடுகள், தேவாலயம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

முதலில் சட்டம். அச்சகக்காரர் சொன்னதுதான் சரி. இந்திய அரசுச் சின்னத்தின் தவறான பயன்பாட்டைத் தடுக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அதன் கீழ் பயன்பாட்டு விதிகள் 2007-இல் வந்தன. முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் நீதிபதி, ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஆகிய யாரும் சின்னத்தை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று அந்த விதிகள் பெயர் சொல்லியே தடுக்கின்றன. பதவியில் இருக்கும்போதுகூட, சிங்கம் போட்ட கார்டில் வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர் குழு, ஆடிட்டர் என்று தன் தொழிலைச் சேர்த்துப் போட்டுக்கொள்ள முடியாது.

பெரியப்பாவின் கேள்வி நியாயமானது என்றே இன்னமும் நினைக்கிறேன். ஒரு சின்னம் யாருக்குச் சொந்தம்? ஆளுக்கா, அவர் குடும்பத்துக்கா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கா? உலகம் இதற்கு வேறு வேறு பதில்கள் சொல்லியிருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிற இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள்ளேயே அந்தப் பதில்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஐரோப்பாவின் பதிலிலிருந்து தொடங்குகிறேன். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே போர்வீரர்களின் கேடயத்தில் வரைந்த இலச்சினை என்ற குறி, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாக மாறியது. சொத்து என்றால் வழக்கும் வரும். 1385-இல் ஸ்காட்லாந்தின் மேல் இங்கிலாந்து படையெடுத்தபோது ஸ்க்ரோப், கிராஸ்வெனர் என்ற இரண்டு வீரர்கள் ஒரே குறியோடு வந்து நின்றார்கள்: நீலத் தளத்தில் குறுக்காக ஒரு பொன்பட்டை. எது யாருடையது என்ற வழக்கு 1390 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்தார்கள், அவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். கடைசியில் ஸ்க்ரோப் ஜெயித்தார், மற்றவர் வேறு சின்னம் தேடிக்கொண்டார். வாய்க்கால் வரப்புத் தகராறு போலத்தான் இது, ஆனால் தகராறு நிலத்துக்கு அல்ல, நிறத்துக்கு.

அந்த அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. லண்டனில் 1484-இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் தொடங்கிய இலச்சினைக் கல்லூரி இப்போதும் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிநபர்களுக்கும் நகரங்களுக்கும் நிறுவனங்களுக்கும் புது இலச்சினைகளை வழங்குகிறது. அவற்றுக்கான தனி நீதிமன்றம் கடைசியாகக் கூடியது 1954-இல். தங்கள் இலச்சினையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஒரு நாடக அரங்கின் மேல் மான்செஸ்டர் மாநகராட்சி வழக்குப் போட்டு ஜெயித்தது. அதற்கு முன் இருநூறு வருடத்துக்கு மேலாக அந்த நீதிமன்றம் கூடியதே இல்லை. ஸ்காட்லாந்து இன்னும் கண்டிப்பு. அங்கே 'லார்டு லயன்' என்ற அதிகாரி நீதிபதியும்கூட. பதிவு செய்யாத இலச்சினையைப் பயன்படுத்துவது குற்றம் என்று 1672-இல் போட்ட சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2015-இல் ஏர் யுனைடெட் என்ற கால்பந்து அணியின் சின்னம் அதில் மாட்டிக்கொண்டது, அணி புதுச் சின்னம் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கனடா 1988-இல் தனக்கென்று ஓர் இலச்சினை ஆணையத்தையே புதிதாக ஏற்படுத்திக்கொண்டது. ஆகவே இதைச் செத்துப்போன கலை என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரான்ஸின் கதை நேர் எதிர். புதுச்சேரிக்காரர்களுக்கு அதுதான் பக்கத்துக் கதை. 1696-இல் பதினான்காம் லூயி, போர்ச் செலவுக்குப் பணம் போதாமல், இலச்சினை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை போட்டார். வணிகர்கள், கைவினைஞர் சங்கங்கள், மடங்கள் என்று கேட்காதவர்கள் தலையிலும் இலச்சினையைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் புரட்சி வந்தது. 1790 ஜூன் 19 அன்று பிரபுப் பட்டங்களோடு இலச்சினைகளையும் தேசிய சபை ஒழித்தது. நெப்போலியன் 1808-இல் தன் பாணியில் திருப்பிக் கொண்டுவந்தார். இன்றைக்குப் பிரான்ஸில் இலச்சினை வழங்கும் அதிகாரி யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தனக்கு ஒன்று வரைந்துகொள்ளலாம், ஆனால் இன்னொரு குடும்பத்துடையதை எடுக்கக் கூடாது. எடுத்தால், குடும்பப் பெயரைத் திருடியதற்கு நிகராகக் கருதி நீதிமன்றம் தடுக்கும். 'கொம்யூன்' என்று நாம் இன்றும் சொல்கிற ஊராட்சிகள் அங்கே தங்கள் சின்னத்தைத் தாங்களே தீர்மானம் போட்டு முடிவு செய்துகொள்கின்றன.

இந்த இரண்டு நாடுகளின் இலச்சினைகளும் நம் கடற்கரையில் வந்து மோதியிருக்கின்றன. அதற்குச் சாட்சி உள்ளங்கையில் அடங்கும் செப்புக் காசுகள். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய காசு விற்பவர் ஒருவர் எனக்கு ஒரு 'தூதூ'வைக் காட்டினார். நம் 'துட்டு' என்ற சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அப்படி எழுதிக்கொண்டார்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூ. மறுபக்கம் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'. அரசனின் குறி எந்த மொழியில் பேசினால் சந்தையில் செல்லும் என்று அடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த லில்லி கம்பெனிக்கும் சொந்தம். 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியபோதே அதற்கு இலச்சினையும் கொடுத்துவிட்டார்கள்: வட்டக் கேடயம், நீலத் தளம், நடுவில் பொன் லில்லி, இரண்டு பக்கமும் பனையோலையும் ஆலிவ் கிளையும். 'எங்கே கொண்டு போனாலும் மலர்வேன்' என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகம்.

கடலூர்ப் பக்கம் என்ன? ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்துத்தான் விலை. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றைச் சொல்வது எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்ட கதை. அந்தக் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியின் இலச்சினையில் வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை, தாங்கிப் பிடிக்க இரண்டு சிங்கங்கள். சென்னை மாகாணத்துக்காக 1803-இலும் 1808-இலும் இங்கிலாந்தில் அடித்த பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களில் அது முழுதாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கிய படத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. சிலுவையின் மேல்மூலையில் ஒரு குட்டிக் கேடயம், அதற்குள் இங்கிலாந்தின் சிங்கங்களோடு பிரான்ஸின் லில்லியும்!

காரணம் இதுதான். பிரான்ஸின் அரியணையும் தனக்கே உரியது என்று 1340-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு லில்லியைத் தன் கேடயத்தில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்கள் 1801 வரை அதை எடுக்கவில்லை. கம்பெனிக்கு 1698-இல் வழங்கிய இலச்சினையிலும் அது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதாவது 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கடலூர்க் கோட்டையும் புதுச்சேரிக் கோட்டையும் ஒன்றையொன்று முற்றுகையிட்டு இடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் ஒரே பூவைச் சுமந்துகொண்டுதான் இருந்தன. அரசர் 1801-இல் தன் கேடயத்திலிருந்து எடுத்துவிட்ட பூ, 1808-இல் அடித்த கம்பெனிக் காசில் அப்படியே இருந்தது.

வென்றவன் தோற்றவன் குறியைத் தன் குறிக்குள் இழுத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாண்டியரின் இரட்டைக் கயல், சேரரின் வில், மேலே குடை, இருபுறம் சாமரம். மூன்று நாடும் ஒரே குடையின் கீழ் என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடுகின்றன. பல்லவர் காளையைப் போட்டார்கள். பாகூரில் வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலையை நடத்த மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த நிருபதுங்கவர்மன் அந்தக் காளை வம்சத்து அரசன். வாங்கியவர்கள் செப்பேட்டைப் படித்தார்களோ இல்லையோ, முத்திரையைப் பார்த்ததும் யாருடைய சொல் என்று தெரிந்திருக்கும்.

ஆனால் நம்மிடம் இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். 'விருது' என்ற சொல்லை இன்றைக்குப் பரிசு என்ற பொருளில் சொல்கிறோம். பழைய வழக்கில் அது கொடி, பட்டம், அடையாளம் எல்லாமும் ஆகும். விருது என்பது ஆட்சியாளர் கொடுப்பது, அவரே பறிக்கவும் கூடியது. பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் யார் பல்லக்கில் போகலாம், யாருக்கு முன்னால் மேளம் வாசிக்கலாம் என்பதெல்லாம் கவர்னர் முடிவு செய்கிற சமாசாரம். சாதிகள் பிரிந்து நின்ற வலங்கை, இடங்கை என்ற இரண்டு அணிகளுக்குள் எந்த நிறக் கொடி யாருக்கு, எத்தனை கால் பந்தல் யாருக்கு, குடை யாருக்கு என்று அடிதடி நடந்திருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனி அதிகாரிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருக்குக் குடை என்றால் இன்னொருவருக்குக் குடை கிடையாது என்றுதான் அர்த்தம். கால்செருப்புக்கும் தோள்துண்டுக்கும் கூட இதே கணக்குத்தான் இருந்தது என்பது நம் ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் தெரியும்.

பிரிட்டிஷ் அரசு இதை இன்னும் ஒழுங்குபடுத்தியது. 1877-இல் டெல்லி தர்பாரில் சமஸ்தான மன்னர்களுக்கு ஐரோப்பிய பாணிக் கேடயங்கள் தைத்த பட்டுக் கொடிகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். வங்காள சிவில் சர்வீஸைச் சேர்ந்த ராபர்ட் டெய்லர் என்ற அதிகாரி உட்கார்ந்து வரைந்தவை அவை. சூரிய குலம், சந்திர குலம் எல்லாம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கையால் கேடயத்துக்குள் போயின.

குடியரசு இந்த நூலை அறுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, படை, கல்வித் தகுதிகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகள் பட்டமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பட்டமல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கல்யாணப் பத்திரிகைகளிலும் மேடை பேனர்களிலும் இதை மீறாத இடம் எது? அது வேறு விஷயம்.

அதே குடியரசு தனக்கென்று தேர்ந்தெடுத்த சின்னம், சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சிங்கத் தலை. 1950 ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொண்டார்கள். நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகாக நிற்கின்றன, நம் கண்ணுக்கு மூன்று தெரியும். கீழே நடுவில் சக்கரம், வலப்புறம் காளை, இடப்புறம் ஓடும் குதிரை. அடியில் தேவநாகரி எழுத்தில் 'சத்தியமேவ ஜெயதே' என்ற முண்டக உபநிடத வாசகம். பலர் கவனிக்காத ஒன்று: அந்த வாசகமும் சின்னத்தின் பகுதிதான். வாசகம் இல்லாமல் வெறும் சிங்கத்தை மட்டும் வரைந்தால் அது முழுச் சின்னம் ஆகாது.

1950-லேயே ஒரு சட்டம் வந்தது, ஆனால் அது வணிகம், தொழில், வர்த்தகக் குறி ஆகியவற்றுக்குச் சின்னத்தைப் பயன்படுத்துவதை மட்டுமே தடுத்தது. வீட்டு வாசலிலும் காரிலும் லெட்டர்பேடிலும் கௌரவத்துக்காகப் போட்டுக்கொள்கிறவர்களை அதில் பிடிக்க முடியாது. 2005 சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் திரும்பச் செய்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. பொதுத்துறை நிறுவனம், வங்கி, நகராட்சி, பஞ்சாயத்து, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் எதுவும் அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது. சங்கங்கள் லெட்டர்பேடிலோ பேட்ஜிலோ கொடியிலோ போட முடியாது. யார் காரில் சின்னம் இருக்கலாம் என்பதற்குத் தனிப் பட்டியலே உண்டு. குடியரசுத் தலைவர், ஆளுநர், துணைநிலை ஆளுநர் என்று போகிற அந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது.

எல்லாம் சரி, ஆனால் ஒரு குறை. மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ முன் அனுமதி கொடுக்காமல் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கே போட முடியாது. தெருவில் தப்பாகச் சிங்கம் ஒட்டிய காரைப் பார்த்த உடனே போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு நடத்திவிட முடியாது என்று அர்த்தம். பழிவாங்கப் பயன்படக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், எளிதில் போலி அதிகாரி வேடம் போட உதவுகிற ஒரு சின்னத்துக்கு இவ்வளவு தூரத்தில் பூட்டு வைத்தால் காவல் காப்பது அச்சகக்காரரின் மனசாட்சி மட்டும்தான். எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் இந்தச் சட்டத்தின் இன்னொரு பக்கம் தெரியும். முள்ளோடையைத் தாண்டியதும் அரசு அலுவலகப் பலகைகளில் கோபுரம் மறைந்து சிங்கம் வருகிறது. ஒரு மாநிலம் தேசியச் சின்னத்தை அப்படியே தன் சின்னமாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தன் சொந்தச் சின்னத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். புதுச்சேரி சிங்கத்தை அப்படியே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் சின்னத்தில் சிங்கத் தலைக்குப் பின்னால் கோபுரம், இருபக்கம் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. அது 1949-இல் ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மேற்குக் கோபுரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சின்னத்தை வரையும்போது எவ்வளவு விலகலாம்? 2022-இல் புது நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் ஆறரை மீட்டர் உயர வெண்கலச் சிங்கங்களை வைத்தபோது, பல்லைக் காட்டுகின்றன, சாரநாத்தின் அமைதி இல்லை என்று வழக்குப் போனது. சட்டமீறல் இல்லை, தோற்றம் பார்க்கிறவர் மனசைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எனக்குச் சாரநாத்துச் சிங்கம்தான் பிடிக்கும்.

இத்தனைக்கும் நடுவே புதுச்சேரியில் பழைய ஐரோப்பிய முறை, ஆளுக்கு ஆள் இலச்சினை என்கிற முறை, உயிரோடு இருக்கும் ஓர் இடம் உண்டு. அது கத்தோலிக்கப் பேராலயம் இருக்கும் மிஷன் வீதி. புதுச்சேரி உயர்மறைமாவட்டம் 1886-இல் ஏற்பட்டது. 1953 முதல் அதன் பெயர் புதுச்சேரி-கடலூர். கத்தோலிக்க மரபில் ஆயராகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் இலச்சினையும் விருதுவாக்கும் தேர்ந்தெடுக்கிறார். கேடயத்துக்கு மேலே தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள். பச்சைத் தொப்பியில் பக்கத்துக்கு ஆறு குஞ்சம் என்றால் ஆயர், பத்து என்றால் பேராயர். சிவப்பில் பதினைந்து என்றால் கர்தினால். பேராயரின் கேடயத்துக்குப் பின்னால் இரட்டைக் குறுக்குச் சிலுவை. பிரபுக் குடும்ப மகுடங்களை ஆயர்கள் இலச்சினையில் வைக்கக் கூடாது என்று 1951-இல் வத்திக்கான் தடுத்தது. 1969-இல் கேடயத்துக்கு மேல், வழிபாட்டில் ஆயர் அணியும் கூரிய தொப்பியையும் (மைட்டர்) செங்கோலையும் வரைவதையும் நிறுத்தியது. இங்கே கேடயத்துக்குள் இருப்பது ஆளுடையது, கேடயத்தைச் சுற்றி இருப்பது பதவியுடையது. என் பெரியப்பாவின் கேள்விக்கு இதைவிட அழகான சமரசம் நான் பார்க்கவில்லை.

இன்னொரு தனிப்பட்ட விஷயம். புதுச்சேரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய தாத்தா வழியில் 'சொல்தா'க்கள், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்கள். 1881-இல் வந்த ஆணையின்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதில் முன்னால் நின்ற பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார், 'கதவு' என்று பொருள். நண்பரின் குடும்பப் பெயரும் அப்படி வந்ததுதான். போன வருடம் ஆன்லைனில் ஒரு கடை அவருடைய குடும்பப் பெயருக்கான 'பரம்பரை இலச்சினை' என்று மரப்பலகையில் செதுக்கி விற்றது. ஹாலில் மாட்டியிருக்கிறார். அதில் இருக்கும் கேடயம் பிரான்ஸில் அதே பெயருள்ள வேறு யாரோ குடும்பத்துடையது. பெயர் ஒன்றாக இருப்பதால் இலச்சினை வந்துவிடாது. லண்டன் இலச்சினைக் கல்லூரியும் ஒரு பெயருக்கு என்று இலச்சினை கிடையாது என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான் அவரிடம் சொன்னேன்: பிரெஞ்சு முறைப்படி நீங்களே ஒன்று வரைந்துகொள்ளலாமே, உங்கள் தாத்தா ஏறிப் போன கப்பலைப் போடுங்கள், ஒரு பனைமரம் போடுங்கள், கீழே தமிழில் ஒரு வரி. அது திருடியதாக இருக்காது. அவர் மனைவிக்கு யோசனை பிடித்திருந்தது.

அவர் வீட்டு மேசை டிராயரில் இரண்டு பாஸ்போர்ட் சேர்ந்து கிடக்கின்றன. மனைவியுடையதில் அசோகச் சிங்கம், அவருடையதில் கோடரியைச் சுற்றிக் கட்டிய தடிக்கட்டு. அந்தத் தடிக்கட்டுக்குச் சட்டப்படி பிரான்ஸின் தேசிய இலச்சினை என்ற தகுதி கிடையாது. 1953-இல் ஐ.நா. தன் மண்டபத்தில் மாட்ட ஒரு சின்னம் கேட்டபோது, ஏற்கெனவே தூதரகங்கள் பயன்படுத்தி வந்த வடிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் ரொம்பக் கறாராக ஒழுங்குபடுத்தப்படுகிற சின்னம் எது என்று கேட்டால், தேர்தல் சின்னம் என்பேன். 1968-இல் வந்த ஆணையின்படி தேர்தல் ஆணையம் ஒதுக்கும், முடக்கும், பிளவு வந்தால் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லும். இரட்டை இலை 1989-இலும் 2017-இலும் முடங்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்க்ரோப் வழக்கும் இரட்டை இலை வழக்கும் ஒரே கேள்விக்கான விசாரணைதான்.

கடைசியாக, எனக்கு ரொம்பக் கவலை தருகிற சின்னத்துக்கு வருகிறேன். வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை. கம்பெனிக் கேடயத்தில் பார்த்த அதே நிறங்கள், ஆனால் வேறு பிறப்பு. கால்கள் சமமான இந்தச் சிலுவை 1864-இல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு வந்தது. ஸ்விட்சர்லாந்துக் கொடியின் நிறத்தை மாற்றிப் போட்டது. போர்க்களத்தில் இதைக் கண்டால் சுடக் கூடாது என்பது ஒன்றுதான் இதற்கு அர்த்தம். ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உரியது. 'டாக்டர் இருக்கிறார்' என்றோ 'மருந்து கிடைக்கும்' என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. இந்தியாவில் 1960-ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மத்திய அரசு அனுமதியில்லாமல் இதை யாரும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சிவப்புத் தளத்தில் வெள்ளைச் சிலுவையான ஸ்விஸ் இலச்சினைக்கும் அதே தடை. அபராதம் வெறும் 500 ரூபாய் வரைதான். ஆனால் குறி பொறித்த பொருள்களைப் பறிமுதல் செய்யலாம்.

கடலூரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். கிளினிக் பலகை, மருந்துக் கடை, டாக்டரின் கார் கண்ணாடி, தனியார் ஆம்புலன்ஸ், முதலுதவிப் பெட்டி என்று எங்கும் சிவப்புச் சிலுவை. கெட்ட எண்ணத்தோடு யாரும் போடவில்லை, மருத்துவத்துக்கு இதுதான் படம் என்று நினைத்துப் போடுகிறார்கள். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும் நொறுங்கிக் கிடந்தபோது அந்தச் சிலுவை போட்ட சட்டைகளைப் பார்த்து ஜனங்கள் ஓடிப் போனார்கள். அந்த நம்பிக்கை, குறி அதற்கு உரியவர்களிடம் மட்டும் இருக்கும்வரைதான் நிற்கும். ஊசி போடும் கடைக்கும் அதே குறி, குண்டு விழும் இடத்தில் காயம்பட்டவரைத் தூக்குகிறவருக்கும் அதே குறி என்றால், நாளைக்கு ஒரு சிப்பாய் எதைப் பார்த்துத் துப்பாக்கியைத் தாழ்த்துவான்? மாற்றுவதும் சிரமமில்லை. பிரான்ஸில் மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை. ஆம்புலன்ஸுக்கு ஆறு முனை நீல நட்சத்திரம் இருக்கிறது. ஒரு டப்பா பெயின்ட் போதும்.

இதையெல்லாம் ஒரு மாலையில் பெரியப்பாவிடம் சொன்னேன். சிங்கத்தைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டார். "அப்போ அது எங்கிட்டேருந்து பிடுங்கினதில்லே. எனக்குப் பின்னால அந்த நாற்காலிக்கு வந்த பொண்ணுகிட்டே இருக்கு" என்றார். சிலுவைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம எதிர்த்த கிளினிக் பலகையில இருக்கேடா!"

புது கார்டு வந்துவிட்டது. பெயர், முகவரி, போன் நம்பர் மட்டும். அதில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் '1960 சட்டம், பிரிவு 12' என்று அலுவலகக் கையெழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அந்த டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டருக்கு இது தெரிந்தே இருக்கவில்லையாம், உட்கார வைத்துக் காபி கொடுத்தாராம். பொங்கலுக்குப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்கும்போது பச்சையாக மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.